நான்காம் கியர்

மைனஸ் முப்பத்திநாலு.
மூக்குமயிர் கம்பியாகிற குளிர்.
கப்பஸ்கேசிங் காகித ஆலையின் புகை
மேலே போக மனமில்லாமல்
ஊர்மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுச் சுவரிலிருந்து வண்டியின் மூக்குக்கு ஓடும்
ஒயரைப் பிடுங்குகிறேன்.
இரவெல்லாம் மின்சாரம் குடித்த எஞ்சின்
இரண்டே முனகலில் எழுந்துவிடுகிறது.
அதில் குறை சொல்ல முடியாது.

ஒன்று. இரண்டு. மூன்று.
பிறகு நெடுஞ்சாலை பதினொன்றில்
மூன்றிலேயே நின்று கத்துகிறது.
பின்னால் ஒரு டன் பிர்ச் விறகு,
கண்ணாடியில் மரலாரியின் விளக்குகள்.
மிதியிலிருந்து காலை எடுக்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன்.
உள்ளே ஆளிருந்தும் திறக்காத வீடு
அந்த நான்காம் கியர்.

இவோன் படுத்துப் பார்க்கக்கூட இல்லை.
காதைக் கொடுத்துக் கேட்டான், அவ்வளவுதான்.
"கியர்பாக்ஸ் போச்சு, ஓடில்.
நாலாயிரம் டாலர். அதுவும் தெரிந்தவள் என்பதால்."
வண்டியையே நான் வாங்கியது
மூவாயிரத்து இருநூறுக்கு.

அன்றிரவு ஞாபகம் வந்தது.
ஃபெர்னான் துபேயின் முற்றத்தில்
எல்லா வண்டிமேலும் ஓரடிப் பனி,
இதன் பானெட்டில் மட்டும் ஈரம்.
கையுறை கழற்றித் தொட்டேன், வெதுவெதுப்பு.
"உனக்காகத் துடைத்து வைத்தேன்" என்றான்.
நான் நன்றி சொன்னேன்.
சொன்னேனே, நன்றி!

கோபம் நல்ல ஹீட்டர்.
அந்த வண்டியில் வேலை செய்த ஒரே ஹீட்டர் அதுதான்.

குச்சியை உருவி
வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வைத்தேன்.
மாதுளை முத்தின் சிவப்பு.
மோந்தால், அடிபிடித்த பாலின் வாடை இல்லை.
விரலில் தேய்த்தால் நறநறப்பு இல்லை.
சாகக் கிடப்பவனுக்கு
இவ்வளவு நல்ல ரத்தமா?

விறகு ரசீதுகளின் பின்புறம் எழுத ஆரம்பித்தேன்.
செவ்வாய், மைனஸ் ஆறு: ஒன்பதாவது கிலோமீட்டரில் நான்கு விழுந்தது.
வியாழன், மைனஸ் முப்பத்தொன்று: கடைசிவரை இல்லை.
சனி, ரயில் போக இருபது நிமிடம் கேட்டில் நின்றேன்:
கிளம்பியதும் நான்கு!
ஊர் எல்லை தாண்டியதும் மறுபடி மூன்று.
நின்றால் குணம், ஓடினால் நோய்.
எந்த உடம்பு
ஓட ஓடக் குளிரும்?

அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன்.
ஆறு வாரமாக என் கண்ணெதிரே
வெப்பமுள் அடிக்கோட்டில் படுத்திருக்கிறது.
ஆறு வாரமாகக் கையுறையோடு ஓட்டியிருக்கிறேன்,
மூச்சுவிட்டால் கண்ணாடியின் உட்புறம் உறையும்.
பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று
என்னை நானே சமாதானம் செய்துகொண்டு.

கடையில் ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி,
கிழித்து, ரேடியேட்டருக்கு முன்னால் செருகினேன்.
பன்னிரண்டாம் கிலோமீட்டரில் முள் அசைந்தது.
பதினான்கில் கால்விரல்களில் சூடு.
பதினைந்தில், கேட்காமலே,
நான்கு.

கியர்பாக்ஸுக்கு ஒரு கேடும் இல்லை.
எஞ்சின் சூடாகும்வரை நான்கைத் தராதே என்று
யாரோ அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்;
சொன்ன சொல் தவறாமல் காத்திருந்தது.
மூடவேண்டிய தெர்மோஸ்டாட்
திறந்த வாயோடு செத்திருந்தது.
விலை இருபத்திரண்டு டாலர்.
இரண்டு போல்ட், ஒரு கேஸ்கட்,
முழங்கைவரை பச்சைத் தண்ணீர்.

நேற்று பெட்ரோல் பங்கில் ஃபெர்னான்.
வண்டியைப் பார்த்தான்,
பிறகு பம்பில் ஓடும் எண்களையே பார்த்தான்.
பாவம், இல்லாத வியாதியை
விடியற்காலையில் எழுந்து
எஞ்சினைச் சூடேற்றி மறைத்திருக்கிறான்.
பாதி விலைக்கும் விற்றிருக்கிறான்.

கண்ணாடியை இறக்கினேன்.
உள்ளே வெக்கை தாங்கவில்லை.
"நல்ல வண்டி, ஃபெர்னான்" என்றேன்.

டாங்க் நிறைந்து வழிந்து
அவன் பூட்ஸின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.